நாலு வயதுக்கு வண்டில் வேணுமோ?



கிளிநொச்சிப் பக்கத்தில் மாதம் இரண்டு தடவை நான் போய் வருகின்ற சேமிப்புக் குழு ஒன்று இருக்கிறது. முன்பள்ளிக் கட்டடத்தின் பின் விறாந்தையில் பாய் விரித்துக் கூடுவோம். காசுக் கணக்குப் பார்த்து, கொப்பியில் கையெழுத்து வைத்து முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். யாருடைய காணிக்கு உறுதி வந்தது, யாருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறது என்று எல்லாம் அப்போதுதான் வெளியில் வரும். எனக்கும் அந்த அரை மணித்தியாலம்தான் விருப்பம்.

போன மாதம் அப்படிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, 58 வயதுடைய தாயொருவர் தன் பிரச்சினையைச் சொன்னார். அவருக்குப் பிரான்ஸ் போக விசா கிடைத்திருக்கிறது. மகள் கலியாணம் முடித்துப் போய்ப் பல வருடங்கள். பேரனை இதுவரை கைத்தொலைபேசியில்தான் கண்டிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்ததும் எல்லோருமாகப் பாரிஸ் டிஸ்னிலாண்டுக்குப் போவதாக மருமகன் ரிக்கற் எடுத்துவிட்டாராம்.

“மகள் கேக்கிறாள், தம்பிக்கு நாலு வயசு முடியுது, பூசெற் கொண்டு போவமோ விடுவமோ எண்டு. அது என்ன பூசெற் எண்டு நான் கேட்டன்” என்றார்.

பிள்ளைகளை வைத்துத் தள்ளும் வண்டிலைத்தான் அங்குள்ள எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். நான் விளங்கப்படுத்தியதும் விறாந்தை முழுவதும் ஒரே சிரிப்பு. நாலு வயதுப் பிள்ளைக்கு வண்டிலோ! “மாத்தளனில இருந்து வட்டுவாகல் மட்டும் வரேக்க என்ர மூத்தவனுக்கு மூண்டரை. எந்த வண்டில் வந்தது?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் பிள்ளையின் கதையைச் சொன்னார். அப்படியே 2009 இற்குப் போய்விட்டோம். இந்தக் குழுவில் எந்தக் கதையும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

“அப்ப நீங்கள் மகளுக்கு என்ன சொன்னனீங்கள்?” என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

“வண்டில் வேண்டாம், நான் தூக்குவன் எண்டு சொன்னன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், நான் அங்கே போயிருக்கிறேன்.

2023 ஜூலையில் என் அக்காவைப் பார்க்கப் பிரான்ஸ் போனேன். அக்கா இருப்பது பாரிஸின் வடக்குப் புறநகரான லா குர்நெவ்வில். பிள்ளைக்காகப் பல வருடம் பார்த்திருந்து பெற்ற ஒரே மகள் அவளுக்கு. என் பெறாமகளுக்கு அப்போது நாலு வயது கடந்து ஒரு மாதம். அவளையும் கூட்டிக்கொண்டு டிஸ்னிலாண்டுக்குப் போவதென்று முடிவானதும் வீட்டில் இதே கேள்விதான் வந்தது.

அக்கா வீட்டில் ஒரு பழைய வண்டில் கதவுக்குப் பின்னால் மடித்துச் சாத்தியபடி நின்றது. அத்தான் அதைக் கொண்டு போவோம் என்றார். அக்காவுக்கு விருப்பமில்லை. பிரான்சில் 2019 இலிருந்து மூன்று வயதிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டாயம். “பள்ளிக்கூடம் போற பிள்ளையை வண்டில்ல வைச்சுத் தள்ளினால் சனம் என்ன நினைக்கும்?” என்றாள். மெற்றோ நிலையங்களில் படி அதிகம், பல இடங்களில் லிப்ற் இல்லை, வண்டிலையும் தூக்கிப் பிள்ளையையும் தூக்க வேண்டிவரும் என்பது அவளுடைய மற்றக் காரணம். அது நியாயமான காரணம்தான். இந்த நேரம் பார்த்து அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வைபரில் வந்தா. விசயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னா. “உன்ர தங்கச்சி ஐஞ்சு வயசில யாழ்ப்பாணத்தில இருந்து சாவகச்சேரி மட்டும் நடந்தவள். இவளுக்கு என்ன?”

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த கதையைத்தான் அம்மா சொல்கிறா. மழை, இருட்டு, செம்மணி வீதியில் அடிக்கு அடி சனம். 15, 16 கிலோமீற்றர் தூரத்தை நான் என் கால்களால் நடந்து முடித்தேன் என்பது எங்கள் குடும்பத்தின் பெருமைக் கதை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது விரிவுரை வகுப்பில் எழுந்து சொல்லி, இன்றுவரை சொல்லி வருகிறேன். அந்தக் கதைக்கு மேல் யார் என்ன பேச முடியும்? வண்டில் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

டிஸ்னிலாண்ட் என்றதும் ஊஞ்சலும் சறுக்கியும் உள்ள பெரிய சிறுவர் பூங்காவாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது ஒரு ஊர். 1992 ஏப்ரல் 12 இல் திறந்தது. பாரிஸ் நகரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றரில், புறநகர் ரெயில் பாதையொன்றின் கடைசி நிலையத்தில் இருக்கிறது. ரெயிலால் இறங்கிப் பாதுகாப்புச் சோதனை முடிய ஒரு நடை. உள்ளே போக ஒரு நடை. ஒரு நீளத் தெரு, அதன் முடிவில் கோட்டை, அதற்கு அப்பால் ஆறு, தீவு, மலை, கப்பல். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவே கால் போய்விடும். 2002 இல் பக்கத்தில் இரண்டாவது பூங்காவையும் திறந்தார்கள். நல்ல வேளையாக நாங்கள் அதற்கு ரிக்கற் எடுக்கவில்லை.

காலையில் பெறாமகள் மான்குட்டி போல் ஓடினாள். எங்களுக்குத்தான் பின்னால் ஓட முடியவில்லை. படகில் இருந்துகொண்டு உலகத்துப் பொம்மைகள் எல்லாம் பாடுவதைப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு தடவை போனோம். கோட்டைக்குக் கீழே குகையில் ஒரு பறவைநாகம் படுத்திருந்து மூச்சு விடும். அதைக் கண்டு என் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்தாள். (சேலை உடுத்துப் போனது என் பிழை. அதை இன்னொரு மாதம் எழுதலாம்.) அக்கா என்னைப் பார்த்து, “பாத்தியோ, வண்டில் தேவையில்லை” என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. தீவு மலையைச் சுற்றி ஓடுகிற சுரங்க ரெயிலில் ஏறுவதற்குப் பிள்ளை 102 சென்ரிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். வாசலில் அளக்கிறார்கள். இவள் 101. ஒரு சென்ரிமீற்றருக்காக அவள் அழுத அழுகை, அந்த ஆற்றுக்கு அங்கால் உள்ளவர்களுக்கும் கேட்டிருக்கும். அழுது முடிய நித்திரை வந்துவிட்டது. வீட்டிலென்றால் அவள் மத்தியானத்தில் ஒன்றரை மணித்தியாலம் படுக்கிறவள். அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதலில் அத்தான் தோளில் வைத்தார். உணவகத்தில் பகல் முழுவதும் நின்று வேலை செய்கிற மனிதர், இடுப்பு நோ உள்ளவர். அரை மணித்தியாலத்தில் இறக்கிவிட்டார். அக்கா தூக்கினாள். அவள் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகிறவள். அன்று லீவு எடுத்திருந்தாலும் முதல் நாள் வேலையின் அலுப்பு உடம்பில் இருந்தது. பிறகு நான். 16 கிலோ. ஒன்றரை வாளி தண்ணீரின் பாரம். வாளியைக் களைத்தால் கீழே வைக்கலாம், நித்திரைப் பிள்ளையை எங்கே வைப்பது? இருக்கிற வாங்கில்கள் எல்லாம் நிறைந்திருந்தன. பிள்ளையின் தலை என் கழுத்தில் வேர்த்து ஒட்டிக்கொண்டிருக்க, மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். அந்த நேரத்தில் அக்காவும் அத்தானும் கதைத்துக்கொண்ட இரண்டொரு வார்த்தைகளை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

வண்டில் வாடகைக்குக் கொடுக்கிற இடம் இருக்கிறது. ஆனால் அது பிரதான வாசலுக்குப் பக்கத்தில். நாங்கள் நின்றது மறு அந்தத்தில். திரும்ப அவ்வளவு தூரமும் தூக்கிக்கொண்டு நடந்து வாடகை வண்டில் எடுத்தபோது பின்னேரம் நாலரை. பிள்ளையைக் கிடத்தினோம். ஆறரைவரை அசையவில்லை. அக்கா ஒரு வாங்கிலில் இருந்தாள். நான் போய்ச் சேர்ந்து இரண்டு கிழமையாகியும் அவள் கையில் ஒன்றுமில்லாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அந்த வாங்கிலில் இருந்துதான் அவள் சொன்னாள்.

“நீ நடக்கேல்லை.”

“எங்க?”

“சாவகச்சேரிக்கு. அப்பாவின்ர சைக்கிள்ல, கரியரில அரிசிப் பை கட்டியிருந்தது. அதுக்கு மேல நீ இருந்தனி. அப்பா உருட்டிக்கொண்டு வந்தவர். நீ விழாமல் நான் ஒரு கையால பிடிச்சுக்கொண்டு நடந்தனான். செம்மணி தாண்டேக்க நீ நித்திரை.”

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. அம்மா ஒரு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சனத்துக்குள் பின்தங்கிவிட்டா. எங்களை அடுத்த நாள்தான் சாவகச்சேரியில் கண்டிருக்கிறா. நான் அங்கே கோயில் மடத்தில் நின்றுகொண்டிருந்தேனாம். நிற்கிற பிள்ளை நடந்துதானே வந்திருக்கும் என்று அம்மா நினைத்துவிட்டா. அப்பா இப்போது இல்லை. அக்கா இத்தனை வருடமாக அதைத் திருத்தவுமில்லை. “நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டனி, விட்டிட்டன்” என்றாள்.

ஆக, எனக்கும் வண்டில் இருந்திருக்கிறது. இரண்டு சில்லு. பிடித்துக்கொண்டு நடந்தவளுக்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

இதை நான் குழுவில் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த, தையல் வேலை செய்கிற ஒரு தங்கச்சி வாய் திறந்தா. கூட்டங்களில் அதிகம் பேசாதவ. “மிஸ், பிள்ளைக்கு வேணுமோ எண்டுதான் எல்லாரும் கேக்கினம். தூக்கிறவைக்கு வேணுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றா.

அந்த அம்மா தன் வலது இடுப்பில் கை வைத்தார். அவர் கையை வைத்ததை நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். 2009 இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுப்பது அபாயம் என்று வைத்தியர் விட்டுவிட்டாராம். மாரி காலத்தில் நோ கூடும். காயம் பட்டது மகளுக்குத் தெரியும். ஆனால் துண்டை எடுத்தாயிற்று என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். இந்த இடுப்பில்தான் 16 கிலோப் பேரனைப் பகல் முழுவதும் தூக்குவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“கண்ட நாள் முதல்ல தூக்காமல் விட்டால் என்ன அம்மம்மா எண்டு நினைப்பானெல்லோ” என்றார்.

தூக்குவதுதான் பாசம் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவில் பாருங்கள். வீதித் தடையிலிருந்து கோயில் மட்டும் நடந்து வரும் தாய்மாரின் இடுப்பில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கும். அங்கே வண்டிலும் உதவாது. பரப்பியிருக்கிற மணலில் சில்லுப் புதையும். ஆகவே, எங்கும் எப்போதும் வண்டில் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இடத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ‘நாங்கள் அப்படி நடந்தோம், நீயும் நட’ என்பதை அளவுகோலாக வைப்பதை நான் இனிமேல் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சாப்பாட்டிலும் படிப்பிலும் பிள்ளைகளுக்கு அதையே சொல்லுகிறோம். அன்று நாங்கள் நடந்தது வேறு வழியில்லாமல். யாராவது ஒரு வண்டில் தந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போமா?

வெளிநாட்டிலுள்ள மகளிடமோ மருமகளிடமோ இப்படியொரு கேள்வி வந்தால் என்ன சொல்லலாம் என்று அன்று விறாந்தையில் கதைத்ததில் சிலவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

வயதை மட்டும் கேட்டு முடிவெடுக்க ஏலாது. அந்தப் பிள்ளை இப்போதும் பகலில் படுக்கிறதா என்று கேளுங்கள். படுக்கிற பிள்ளை எவ்வளவு நன்றாக நடந்தாலும், அந்த நேரம் வந்ததும் உங்கள் தோளில்தான் விழும். போவதற்கு ஒரு கிழமை முன்னர் வீட்டிலிருந்து சந்தைக்கும் திரும்பவும் தூக்காமல் நடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் “தூக்குங்கோ” என்று கையை நீட்டுகிறது என்பது தெரிந்துவிடும். கோடையில் பாரிஸில் இருட்டுவதற்கு இரவு பத்து மணியாகும். கோட்டையில் போடுகிற ஒளிக்காட்சி அதற்குப் பிறகுதான். அதையும் பார்த்துவிட்டு ரெயிலில் வீடு வருவதென்றால், நாலு வயதுப் பிள்ளை நடந்து வரும் என்று ஒருவரும் கனவு காணக்கூடாது. மத்தியானத்தோடு திரும்பி வருவதென்றால் வண்டில் இல்லாமலும் சமாளிக்கலாம்.

பாரத்தையும் பாருங்கள். வண்டிலில் ஒட்டியிருக்கும் துண்டில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கும். ஐரோப்பியத் தர விதிகளில் 15 கிலோவுக்கு ஒரு வகை, 22 கிலோ வரைக்கு இன்னொரு வகை இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையின் சராசரி நிறையே ஏறத்தாழ 16 கிலோ. குழந்தையாக இருந்தபோது வாங்கிய பழைய வண்டில் கதவுக்குப் பின்னால் நின்றாலும் அது இப்போது தாங்காமல் போகலாம். எங்கள் அக்கா வீட்டு வண்டிலும் 15 கிலோவுக்கானதுதான் என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தோம்!

படியேற வேண்டிய இடமென்றால் குடை போல் மடிகிற பாரம் குறைந்த வண்டில் நல்லது. அதைக் கண்டுபிடித்தவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிற்பயர் போர் விமானத்தின் சில்லுக்கால்களை வடிவமைத்தவர். பேரப்பிள்ளையின் பாரமான வண்டிலோடு மகள் படுகிற பாட்டைக் கண்டு, விமானத்தின் கால் மடிகிற மாதிரியே மடிகிற வண்டிலை 1965 இல் செய்தார். குண்டு விமானத்துக்குப் பதுங்குகுழியில் கிடந்த எங்களுக்கு இந்தக் கதை கேட்க விசித்திரமாகத்தான் இருக்கிறது.

வண்டில் கொண்டு போனாலும் பிள்ளையைக் கட்டியே வைத்திருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வண்டிலில் கட்டி வைக்க வேண்டாம் என்றும், 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. டிஸ்னிலாண்டில் பெரும்பாலான வரிசைகளுக்குள் வண்டிலை விடவும் மாட்டார்கள், வெளியில் நிறுத்த வேண்டும். அதனால் பிள்ளை எப்படியும் இறங்கி நிற்கத்தான் போகிறது. நிறுத்திய இடத்தில் ஒரே மாதிரி வண்டில்கள் நிரையாக நிற்கும், இடமும் மாற்றி வைப்பார்கள். நான் பழைய சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கைபிடியில் கட்டிவிட்டேன். தூரத்திலேயே தெரிந்தது. காசு, கடவுச்சீட்டு ஒன்றையும் அதில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில், கட்டாயம் வண்டில் வேண்டும் என்பதுதான். பேரன் நடந்தாலும் பரவாயில்லை. பை, தண்ணீர்ப் போத்தல், மழைச் சட்டை எல்லாம் வண்டிலில் போகட்டும். அவரும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். களைத்தால் இருக்கட்டும், இருந்துகொண்டே பேரனை மடியில் வைக்கலாம். இன்னொன்றும் சொன்னேன். உடம்பில் ஷெல் துண்டோடு விமான நிலையத்தால் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும், முடிந்தால் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். சோதனைக் கருவி சத்தமிட்டால் பதற்றப்படாமல் காட்டலாம்.

போன வெள்ளிக்கிழமை அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகளுக்குச் சொல்லிவிட்டாராம். மருமகன் 22 கிலோ தாங்குகிற வண்டிலொன்றைத் தெரிந்த வீட்டில் இரவல் கேட்டிருக்கிறாராம். கைபிடியில் கட்டுவதற்குச் சிவப்புக் கரைத் துண்டொன்றைச் சூட்கேசில் வைத்தாயிற்றாம்.

“ஷெல் துண்டைப் பற்றியும் சொல்லிப்போட்டியளோ அம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எனக்குக் கால் உளைவு எண்டு சொன்னன், பிள்ளை. மற்றதை நேர கண்டு சொல்லுவம்” என்றார். அவருக்கு அடுத்த மாதம் 9 ஆம் திகதி பயணம்.